தானாக வந்த செடி

என் மருமகள் தவளை ஆராய்ச்சி செய்கிறாள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் அவள் விரித்த தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்றின் தலையில் தவளை, மற்றதன் தலையில் என் அப்பாவின் செடி.

இரண்டும் இருப்பது பழைய கல்குவாரிக் குட்டையில். செடி நீரின் மேல் பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது. அடியில் தலைப்பிரட்டைகள் செத்துக்கொண்டிருந்தன. செடியை வாரி எறிவதா, விடுவதா என்று ஐந்து மணிக்குள் அவள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மணி நாலே கால்.

அந்தச் செடியை இங்கே முதலில் கண்டவர் என்றுதான் அப்பாவை ஊர் அறியும். கூடத்தில் அவர் படம், கீழே பாராட்டுப் பத்திரம். எங்கள் வீட்டை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

“இந்த வகைத் தவளை மிச்சம் பதினொண்ணுதான் மாமா. செடி எண்ணி மாளாது. ஆனா அது தானா வந்த காட்டுச்செடி, கை வைக்கக் கூடாதுன்னு சட்டம். ஆள் வெச்சதுன்னா நாளைக்கே வாரிடலாம்.”

“தவளையை வேற குட்டைக்கு அனுப்பேன், பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி.”

“போன வருஷம் இருபதைக் கட்டிக் குடுத்தோம். ஒண்ணுகூட பிழைக்கல.”

செடி எப்படி வந்தது என்று கேட்கும் கடைசி வரிக்குப் பேனா வந்தது. “தாத்தாகூடக் குட்டைக்குப் போனவர் நீங்கதானே? தானா வந்ததுன்னு போட்டுடவா?”

 அப்பாவோடு போனபோது எனக்கு இருபது வயது. வெளியூரிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவில், ஈரத்துணிக்குள் நான்கு வேர்த்துண்டுகள் வந்தன. அப்பா குட்டையில் இறங்கினார். கரையில் டப்பாவைப் பிடித்து நின்றவன் நான். அடுத்த வருடம் அதே இடத்தில் அதைக் ‘கண்டெடுத்தார்’. வாயைத் திறக்காதே என்றார். ஐம்பத்திரண்டு வருடமாகத் திறக்கவில்லை.



அவள் ‘தா’ என்று எழுதிவிட்டாள்.

“நிறுத்தும்மா.”

சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

“‘தெரியவில்லை’ன்னு போடவும் இடம் இருக்கு மாமா. செடியும் பிழைக்கும், வீட்டுப் பேரும் பிழைக்கும்.”

“பதினொண்ணும் போயிடும். சாட்சின்னு என் பேரைப் போடு. இனிஷியலோட.”

இனிஷியல் அப்பாவுடையது. நான் போட்ட கையெழுத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும் கோணிக்கொண்டது.