வாங்க மறுத்தவள்

நகராட்சி ஆட்கள் ரைஹானத்தின் தையல்கடை ஷட்டரை இழுத்து மூடி, பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கை ஊற்றும்வரை அவளுக்கு வாயே வரவில்லை. ரைஹானத்துக்கு வாய் வரவில்லை என்று சொன்னால் சேரன்மகாதேவி ரோட்டில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவள் கடைவாசலில் நின்று டீ சொன்னால் ஆற்றுப்பாலத்தில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

பிறகு வந்தது பாருங்கள் சத்தம்.

"என்ன அநியாயம்யா இது! உள்ள தஸ்லிமா தைக்கக் குடுத்த நிக்காஹ் துணி கிடக்கு. ஞாயித்துக்கிழமை கல்யாணம்! அந்தப் பிள்ளை எதை உடுத்திக்கிட்டு உக்காரும்?"

வரி வசூலிக்கும் நேசையா நல்ல மனிதர்தான். ஆனாலும் கோப்புக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றார்.

"கத்தாதீங்கம்மா. அஞ்சு வருசச் சொத்துவரி நிக்கி. மூணு நோட்டீஸ் பதிவுத் தபால்ல போயிருக்கு. மூணையும் வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டிய."

"யாரு, நானா?"

"மறுத்துட்டாங்கன்னு தபால்காரர் எழுதியிருக்காரே."

திரும்பி வந்த கவர் ஒன்றை வாங்கி விலாசத்தைப் பார்த்தாள். கீழத்தெரு. அவளுடைய அண்ணன் தாஜ் முகம்மதுவின் வீடு. கடையை வாங்கிய காலத்தில் அங்கே இருந்தாள், அந்த விலாசத்தைக் கொடுத்தாள். அப்புறம் கடைக்கு மேலேயே குடிவந்தவள் விலாசத்தை மாற்ற மறந்தாள். பழைய வசூல்காரர் வருஷா வருஷம் கடைக்கே வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு வரியை வாங்கிப் போவார். அவர் ஓய்வு பெற்றபிறகு ஒருத்தரும் வரவில்லை. வேண்டுமென்றால் வருவார்கள் என்று இவளும் இருந்துவிட்டாள். தப்புதான், அதை அவளும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வட்டியும் செலவும் சேர்த்து நேசையா சொன்ன தொகைக்கு மிஷின்களையெல்லாம் விற்றாலும் காணாது.

"அங்கன நான் குடியில்லாம எத்தனை வருசமாச்சி! நான் எப்படி மறுப்பேன்?"

"அதை ஆணையர்கிட்ட மனுவா போடுங்க," என்றார் நேசையா. "நோட்டீஸ் உங்களுக்குச் சேரலைன்னு ஆயிட்டுன்னா பூட்டுல வச்ச சீலை எடுத்துருவாங்க. நீங்களே வேண்டாம்னு சொல்லியிருந்தா மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது."

வெள்ளிக்கிழமை விசாரணை. ஆணையர் மஹாலக்ஷ்மி ஊருக்குப் புதுசு, பேச்சில் கறார். தபால்காரர் கொம்பையாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கீழத்தெரு வீட்டில் இருப்பவள் என்ற முறையில் ரைஹானத்தின் மதினி ஹமீது பீவியும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் தாஜ் முகம்மது மௌத்தாகி அடக்கம் ஆனதிலிருந்து அவள் இப்படி ஒரு ஆபீஸ் படி ஏறியதில்லை.

ரைஹானத் ஒருவார்த்தை பேசுவதற்குள் ஆணையர் தபால்காரரிடம் திரும்பினார்.

"வாங்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

"முகம் பாக்கலைங்கம்மா," என்றார் கொம்பையா. "கதவு சாத்தியிருந்துச்சி. உள்ள இருந்து ஒரு பொம்பளைச் சத்தம். 'இது இத்தா வீடு, ஆம்பளையாளு யாரும் இல்ல, ஒண்ணும் வேண்டாம், கொண்டு போங்க'ன்னு. மூணு தடவையும் அதே சத்தம்தான்."

ரைஹானத் சட்டென்று மதினியைப் பார்த்தாள்.

அண்ணன் மௌத்தான பிறகு மதினி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய காலம். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. தினமும் காலையில் போய் அந்தக் கதவுக்குப் பின்னால் காவல் நின்றது யார்? இந்த ரைஹானத்தான். கேபிள்காரனை விரட்டினாள். சீட்டுக்காரனை விரட்டினாள். துக்கம் கேட்க வந்த சாக்கில் வீட்டை விலை பேசினவனை செருப்பைத் தூக்காத குறையாக விரட்டினாள். தபால்காரரையுமா? யா அல்லாஹ், அவரையும்தான்! தன் பெயருக்கு வந்த நோட்டீஸைத் தன் வாயாலேயே விரட்டியிருக்கிறாள், மூன்று தடவை!

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆணையர் கேட்டார்.

ரைஹானத் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் கொம்பையா கண்டுபிடித்துவிடுவார். கடை போச்சு, தஸ்லிமாவின் துணி போச்சு.

அப்போதுதான் ஹமீது பீவி எழுந்தாள்.

"நான்தாம்மா சொன்னேன்."

ஆணையருக்கு அவள் சொன்னது கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். ரைஹானத்துக்கோ நம்ப முடியவில்லை. மதினியா? பக்கத்து வீட்டிலிருந்து கடனுக்குச் சீனி கேட்டு வந்தால் டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட மறைக்கத் தெரியாத மதினியா?

கொம்பையா பிடரியைச் சொறிந்தார். "இந்தம்மா பேசுதது இங்கன நிக்க எனக்கே கேக்கல. அது எட்டூருக்குக் கேக்குற சத்தம்லா."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது விசாரணை," என்றார் ஆணையர்.

"நான்தான். அல்லா மேல..."

"மதினி!" ரைஹானத் நாற்காலி விழ எழுந்தாள். "ஆண்டவன் பேரைச் சொல்லிப் பொய்ச் சத்தியம் செய்யாதிய! நான்தான் சொன்னேன்! இத்தாவுக்குக் காவல் நின்னவ நான். என் வாய்தான்!"

பக்கத்து அறை குமாஸ்தாக்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். கொம்பையா முகம் மலர்ந்துபோனார்.

"இதுதாம்மா! இந்தச் சத்தமேதான்!"

நேசையா கோப்பை மூடினார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று ரைஹானத் கைகளைத் தொங்கப்போட்டாள். மதினி மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஆணையர் பேனாவை உருட்டியபடி கொம்பையாவைப் பார்த்தார். "தபால் யார் பேருக்கு வந்திருக்குன்னு சொன்னீங்களா?"

"எங்கம்மா சொல்ல விட்டாங்க? 'தபால்'னு நான் முடிக்கதுக்குள்ள ஒரே விரட்டா விரட்டிட்டாங்களே. வேற கதவுன்னா கூட நின்னு தட்டியிருப்பேன். இத்தா வீட்டு வாசல்ல நின்னு எப்படி மல்லுக்கட்ட?"

"யாருக்கு வந்ததுன்னே தெரியாத தபாலை இவங்க எப்படி மறுத்திருக்க முடியும்?"

நேசையா கோப்பை மெதுவாக மறுபடி திறந்தார்.

"இத்தனை வருஷம் கடைவாசல் வழியா போறீங்க, விலாசம் மாறினது உங்களுக்கும் தெரியலை," என்று ஆணையரிடமிருந்து அவருக்கும் ஒன்று விழுந்தது. "சீலை இன்னைக்கே எடுங்க. புது நோட்டீஸ் கடை விலாசத்துக்கு. வரியைத் தவணையில கட்டட்டும். ஏம்மா, அதையும் விரட்டினீங்க, நானே வந்து பூட்டுவேன்."

வெளியே படிக்கு வந்ததும் ரைஹானத் மதினியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏன் மதினி அப்படிச் சொன்னிய? சத்தியம் வேற செய்யப் பாத்தியளே, ஈரக்கொலையே நடுங்கிட்டு எனக்கு!"

ஹமீது பீவி முக்காட்டைச் சரிசெய்தாள். வழக்கம்போல அவள் சொன்னதைக் கேட்கக் குனியவேண்டியிருந்தது.

"அத்தனை நாளும் எனக்காவ எத்தனை பேரை விரட்டினே, ஏளா. உனக்காவ ஒரு நாள் நான் வாயைத் திறக்கக் கூடாதா?"

ரைஹானத்துக்கு வாய் வரவில்லை. அரக்கை உடைக்க நேசையா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவள் மதினியின் கையை விடாமல் பின்னாலேயே நடந்தாள்.