மங்கம்மா ஆன்ட்டியின் வலது சிலிப்பர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருபது பேர் வர வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். எஸ்டேட் வீடுகளிலிருந்தே இருபது பேர் வேண்டும். இந்த வாரம் இருபது, அடுத்த வாரமும் இருபது. இல்லையென்றால் சனிக்கிழமைகளை சும்பா நடன வகுப்புக்குக் கொடுத்துவிடப் போவதாகக் கலை மையத்தின் கமிட்டி சொல்லிவிட்டது.

இதை என்னிடம் சொன்னவர் நட்டாலி அக்கா. எங்கள் கலை மையத்தின் பொறுப்பாளர். தெமியாங்கிலிருந்து தினமும் காரில் வருவார். சனிக்கிழமைப் பட்டறைகள் என் பொறுப்பு. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். என் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். அதை எழுதச் சொன்னால் எழுதுவேன், நாலு பேர் முன்னால் சொல்லச் சொன்னால் நட்டாலி அக்காவைக் கை காட்டிவிடுவேன்.

சும்பா வந்தால் என் வேலை போய்விடும். பக்கத்து ஊர் லுக்குட் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவுக்கு ஆள் தேடுவதாக அம்மா விசாரித்து வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நானூறு பேரைப் பார்த்து "பிளாஸ்டிக் பை வேணுமா?" என்று கேட்க வேண்டும். நாலு பேருக்கே என்னால் முடியாது.

மையம் ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கட்டடம். இப்போது வெள்ளைச் சுவர், ஏர்கோன், பெரிய கண்ணாடிக் கதவு. எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் போகும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், காலை ஊன்ற மாட்டார்கள். போர்ட்டிக்சன் கடலுக்கு வருகிற பணக்காரர்களின் இடம் என்று நினைப்பு. போன மாதக் களிமண் வகுப்புக்கு எஸ்டேட்டிலிருந்து ஒரே ஒருவர்தான் வந்தார். அவரும் கழிவறை எங்கே என்று கேட்டுப் போய்விட்டு, அப்படியே கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஈர சிமெண்டின் மேல் அம்மாவின் ஜப்பான் சிலிப்பர் பதிந்த தடத்தைப் பார்த்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பு. அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. அதில் ஒரு படம் செதுக்கினால்? மை தடவித் துணியில் அழுத்தினால்?

உடனே அறிவிப்பு எழுதினேன். "பழைய சிலிப்பர் கொண்டு வாருங்கள். வாசலில் கூடை இருக்கும், அதில் போடுங்கள். படம் செதுக்கித் துணிப்பையில் அச்சடிப்போம். பை உங்களுக்கே." கதவு கதவாகத் தட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காய்கறி வேன் மகேந்திரன் அண்ணனிடம் நூறு அறிவிப்புகளைக் கொடுத்தேன். அவர் கருவேப்பிலையோடு ஒவ்வொரு பையிலும் ஒன்றைப் போட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை இருபத்தேழு பேர் வந்தார்கள்.

நான் கதவுக்கு உள்பக்கம் மேசை போட்டுப் பெயர்களை எழுதினேன். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பெயரை மட்டும் கேட்டு எழுதினேன். கடைசியாக மங்கம்மா ஆன்ட்டி வந்தார். எங்கள் வீட்டு வரிசையில் அவர் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை என்றால் அந்தக் கல்யாணத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களும் நாற்காலியை இழுத்து ஒழுங்காக உட்கார்ந்தார்கள்.

சிலிப்பர்களைத் தயார் செய்வது வசந்தன் அண்ணன் வேலை. லுக்குட்டில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், சனிக்கிழமை உதவிக்கு வருவார். பின்பக்கம் தொட்டியில் சிலிப்பர்களைக் கழுவி, வாரை உருவி, வெறும் அடிகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்.

"தங்கச்சி, நம்ம ஆளுங்க சும்மா இல்ல லா! ஐம்பத்து நாலு இருக்கு!"

சந்தோஷத்தில் ஐம்பத்து நாலு என்று பட்டியலின் மூலையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். இருபத்தேழு பேருக்கு ஐம்பத்து நாலு என்ற கணக்கு அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மணி நேரம் அந்த அறை கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி இருந்தது. முருகையா அங்கிள் மீன் செதுக்குகிறேன் என்று ஆரம்பித்து, அது சரிவராமல் இலை என்றார். அவர் மனைவி ராக்கம்மா ஆன்ட்டி, "நாப்பது வருசமா இப்படித்தான், கேட்டது ஒண்ணு, கெடைச்சது ஒண்ணு" என்றார். மேசையே குலுங்கியது. மிஞ்சிக் கிடந்த அடிகளில் ஒன்றை நானும் எடுத்து ஒரு சேவல் செதுக்கினேன். சிவப்பு மை தடவித் துணியில் அழுத்தித் தூக்கினால் சேவல் நின்றது. நட்டாலி அக்கா தூரத்திலிருந்தே கட்டை விரலைக் காட்டினார்.

பன்னிரண்டு மணிக்குப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். வாசலில் நின்றார்கள். நின்றபடியே இருந்தார்கள்.

"எங்க என் சிலிப்பரு?"

"என்னோடதும் காணோம்."

வாசல்படி சுத்தமாக இருந்தது. கூடையும் இல்லை. வெளியே தார்ச்சாலை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. எங்கள் வீடுகளில் பழைய சிலிப்பர் என்று தனியாக ஒன்று ஏது? வார் அறுந்தால் ஊக்குக் குத்திப் போடுவோம். ஊக்கும் நிற்காவிட்டால்தான் தூக்கி எறிவோம். எல்லோரும் காலில் போட்டிருந்த ஒரே ஜோடியோடு வந்து, உள்ளே நுழையும்போது எப்போதும்போல வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். கூடையைச் சுற்றிக் கிடந்ததை எல்லாம் வசந்தன் அண்ணன் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

மங்கம்மா ஆன்ட்டி நேராகப் பின்பக்கம் போனார். தொட்டியருகே குவிந்திருந்த வார்களைக் கிளறி ஒன்றை உருவினார். அதில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. கோயிலில் மாறிப் போகாமல் இருக்க அவர் போட்ட அடையாளம்.

"இது என் வாரு. அடி எங்க?"

வசந்தன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஆன்ட்டி, நான் வந்து... கூடைகிட்ட இருந்திச்சின்னு..."

"பண்டிகைக்கு வாங்கினது. மூணு தடவதான் போட்டேன். எவன் வெட்டினான்?"

ஆளாளுக்கு ஒரு அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அறையில் இருந்த புதிய அடி எது என்று எனக்குத் தெரியும். நான் சேவல் செதுக்கும்போது கத்தி கஷ்டப்பட்டு இறங்கியது, அடியின் வரிகள் தேயாமல் ஆழமாக இருந்தன. இவர் கோபமாகப் போனால் இருபத்தேழு பேரும் கோபமாகப் போவார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு ஆள்கூட வராது. வாயை மூடிக்கொண்டு நின்றால் பழி வசந்தன் அண்ணன் மேல் விழும், நான் தப்பிக்கலாம்.

"நான்தான், ஆன்ட்டி" என்றேன்.

சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை கூரை வரைக்கும் போனது.

"நான்தான் வெட்டினேன்! அறிவிப்பும் நான்தான் எழுதினேன். வசந்தன் அண்ணன் மேல தப்பு இல்ல. எல்லாரும் என்னத் திட்டுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாதிப் பேர் என் குரலை அன்றுதான் கேட்டார்கள். மங்கம்மா ஆன்ட்டி கையை நீட்டினார். சேவலைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என்னா, வாத்தா?"

"சேவல், ஆன்ட்டி."

"கொண்டை எங்க?"

"...மறந்துட்டேன்."

"கொண்டை இல்லாத சேவல என் கால்ல கட்டி அனுப்புவியா? ஊருல சிரிக்க மாட்டாங்க? உக்காரு. போடு கொண்டைய."

முதலில் ராக்கம்மா ஆன்ட்டிதான் சிரித்தார். பிறகு எல்லோரும். நான் தரையில் உட்கார்ந்து கொண்டையை வெட்டினேன். ஆன்ட்டி மேலே குனிந்து, "இன்னும் கொஞ்சம் பெருசா... ஆங், அப்படி" என்று நின்றார். வசந்தன் அண்ணன் சோப்புத் தண்ணீரில் வார்களை நனைத்து ஒவ்வொன்றாகக் கோத்துக் கொடுத்தார். எது யாருடையது என்று இருபது நிமிடம் சண்டை நடந்தது. அன்றைய பொழுதில் அதுதான் ரொம்பக் கலகலப்பான நிகழ்ச்சி.

கிளம்பும்போது மங்கம்மா ஆன்ட்டி வலது காலைத் தூக்கிக் காட்டினார்.

"மை இருக்கா? தடவு. வீடு வரைக்கும் தாங்கணும்."

எல்லோரும் வரிசையில் நின்று கால்களை நீட்டினார்கள். வீடு வரைக்கும் மை தாங்கவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவிலிருந்து சாலை ஓரமாக, சாலைச் சந்திப்பில் இருக்கும் மரம் வரைக்கும் இலையும் பூவும் நட்சத்திரமும் போயின. நடுவில் வலது கால் பதிந்த இடத்தில் மட்டும், ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு, ஒரு சிவப்புச் சேவல். சாயந்திரம் மோட்டாரில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிப் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மை தீர்ந்துவிட்டது என்று லுக்குட்டுக்குப் போய்விட்டு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தேன். வாசல்படியில் ஒரு சிலிப்பர்கூட இல்லை. யாரும் வரவில்லை. கல்லாப்பெட்டி கண் முன்னால் வந்து நின்றது.

கதவைத் தள்ளினேன்.

அறை நிரம்பியிருந்தது. நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் அவரவர் சிலிப்பர், முடிச்சுப் போட்டுப் பத்திரமாக இருந்தது.

நட்டாலி அக்கா பெயர்ப் பட்டியலை உயர்த்திக் காட்டினார். "நாப்பத்து மூணு, புனிதா. சும்பாக்காரங்களுக்கு நானே போன் பண்ணிடுறேன்."

முன்வரிசையில் மங்கம்மா ஆன்ட்டி பை முடிச்சை அவிழ்த்து, செதுக்காத இடது சிலிப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஒரு வாரமா சேவல் தனியா நடக்குது, பாவம். கோழி ஒண்ணு போட்டுக் குடு."

நாற்பத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குஞ்சோடவா ஆன்ட்டி, குஞ்சு இல்லாமலா?" என்று கேட்டேன்.