வாசிக்க ஏலாத இடம்

திருகோணமலையில், சண்டைக் காலத்திலும் பூட்டாமல் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பொன்றில் குணமணியும் நஜ்முன் நிஸாவும் படிப்பித்தார்கள். மாணவர்களின் புரோகிராமில் பிழை தேடுவதற்குக் குணமணி ஒரு டீபக்கர் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் வாசிக்க முடியாத இடம் வந்தால் அது அப்படியே நின்றுவிடும். கிண்ணியாவிலிருந்து வரும் நிஸா அதைத் திருத்திக் கொடுத்தாள். இப்போது அது அந்த இடத்தில் ‘வாசிக்க முடியவில்லை’ என்று காட்டிவிட்டு, மிச்சத்தைத் தொடர்ந்து வாசித்தது.

பிள்ளைகள் அதை “நிஸா மிஸ்ஸின்ர டீபக்கர்” என்றார்கள். குணமணிக்கு வயிறு எரிந்தது. நிஸாவை மட்டந்தட்ட நினைத்து, எல்லாருக்கும் முன்னால் வேண்டுமென்றே பிழையான நினைவக முகவரிகளைக் கொடுத்துப் பார்த்தாள். டீபக்கர் ஒன்றுக்கும் நிற்கவில்லை. ஆத்திரத்தில் தான் எழுதிய வேறொரு புரோகிராமையே அதில் ஓடவிட்டாள். மாதக்கணக்காய் அவளுக்குப் பிடிபடாமல் இருந்த பிழை திரையில் வந்து நின்றது.

“அக்கா, பிடிச்சிட்டீங்க!” என்று நிஸா கைதட்டினாள். அந்த முகத்தில் கள்ளமே இல்லை. குணமணிக்கு அது இன்னும் எரிச்சலாயிருந்தது.

“ஓம்,” என்றாள். பிறகு கதிரையை நிஸாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகம் பாராமலே கேட்டாள்: “எப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கும் காட்டுங்கோ.”