ஓட்டையில் வைத்த துணி

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து வந்தது. இரண்டு விரல் நுழையும் ஓட்டை. வண்டி எஞ்சினுக்கு ஆயில் ஊற்றுகிற வாய். அதற்குள் ஒரு துண்டு பனியன் துணி இருக்கிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தேன். வேறு காரணம் இல்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'வீரபாண்டியின் வானத்தில் அன்று கருமேகங்கள்—'

வீரபாண்டி எங்கள் ஊர். மேகத்தை நான் பார்க்கவில்லை. வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். அடித்துவிட்டேன்.

அப்புறம் இப்படி: 'ஆரோக்கியராஜ் ஒரு நல்ல மனிதன்.' நல்ல மனிதன்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் அவன் சாகப்போகிறான் என்று வாசிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவன் சாகவில்லை. பக்கத்து வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கிறான்.

2

ஆரோக்கியராஜும் அவன் பெண்டாட்டி ரோஸ்மேரியும் தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீடு. சாயப்பட்டறையில் அவன் கை இரண்டும் வெந்து புண்ணாகி— (சாயப்பட்டறையை எழுத ஆரம்பித்தால் கதை அங்கேயே நின்றுவிடும். விடுகிறேன்.) இனி அந்த வேலைக்குப் போனால் கை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஒரு எக்ஸ்போர்ட் முதலாளி, மடத்துக்குளத்தில் இருக்கிற தன் தென்னந்தோப்புக்குக் காவலுக்கு ஆள் தேடினார். தோப்போடு ஒரு வீடு. தோப்போடு ஒரு வண்டி.

வண்டியைச் சொல்ல வேண்டும். பைக் மாதிரி ஹேண்டில்பார், பைக் மாதிரி சீட்டு, ஆனால் குட்டி டிராக்டர் மாதிரி நாலு தடித்த சக்கரம். வரப்பு, மணல், பள்ளம் எதிலும் ஏறி இறங்கும். ஏடிவி என்று பெயராம். வெளிநாட்டிலிருந்து வந்தது. காம்பவுண்டுப் பிள்ளைகள் அதற்குத் தவளை வண்டி என்று பேர் வைத்தார்கள். கதையிலும் அதுவே இருக்கட்டும்.

முதலாளி சொன்னது இவ்வளவுதான்: ஆயில் மாற்றி வண்டியோடு தோப்புக்கு வந்துவிடு. வண்டிக்கு ஏதாவது ஆனால் நீ வரவே வேண்டாம்.

முதலாளியின் கம்பெனியில் நின்றிருந்த வண்டியை அவன் டெம்போவில் ஏற்றி நேரே என்னிடம் கொண்டு வந்தான். நான் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஹாலில் ஆயில்காரன். மெஷின் மெஷினாகப் போய் ஆயில் விடுவது என் வேலை. ஆயில் என்றால் எல்லாம் ஒன்று என்று அவன் நினைத்தான். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3

நிட்டிங் ஹாலில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். மூக்கு, காது, டீ டம்ளர் எல்லாவற்றிலும் விழும். அதனால் எந்த மூடியைக் கழற்றினாலும் அடுத்த நொடியே வேஸ்ட் துணியைச் சுருட்டி அந்த ஓட்டையில் செருகிவிடுவோம். பஞ்சு உள்ளே போனால் ஊசி உடையும், துணி முழுக்கக் கோடு விழும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். எனக்கு இது வேலை கூட இல்லை, கைப்பழக்கம்.*

* கை செய்வதை நான் கவனிப்பதில்லை. கவனித்துக்கொண்டே செய்தால் ஷிப்ட் முடிவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும்.

இன்று காலை கரண்ட் இல்லை, ஹால் ஓடவில்லை. வீட்டு வாசலில் வைத்து வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினேன். பழைய ஆயில் கருகருவென்று ரோஸ்மேரியின் பேசினில் இறங்கியது. சீக்கிரம் இறங்கட்டும் என்று மேல்மூடியையும் கழற்றினேன். என் கை அந்த ஓட்டையில் துணியை வைத்தது. வாசலில் பஞ்சு பறக்கவில்லை. கைக்கு அது தெரியவில்லை.

ஆயில் வடிந்தது. போல்ட்டை முறுக்கினேன். புனலை வைத்து ரோஸ்மேரியைப் பிடிக்கச் சொல்லிப் புது ஆயிலை ஊற்றினேன். இறங்கவில்லை. புனலை அழுத்தினேன். மடக்கென்று இறங்கியது. மூடியைப் போட்டேன்.

அதற்கப்புறம்தான் துணி ஞாபகம் வந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தும் கம்பி விட்டுத் துழாவியும் உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை.

4

மூன்றாம் பகுதியை முதல் தடவை எழுதியபோது, போல்ட்டுக்கும் புனலுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: 'துணியை எடுத்துத் தரையில் போட்டேன்.' எழுதும்போது தடங்கலே இல்லை. படித்துப் பார்த்தால் அது இருந்தால்தான் பத்தி நன்றாக ஓடுகிறது. கண்ணை மூடினால் துணி தரையில் விழுவதும் தெரிகிறது.

நடந்ததால் எழுதினேனா, எழுதியதால் தெரிகிறதா?

எனக்கு எழுத்து வந்தது கல்யாணத்துக்கு அப்புறம், அறிவொளி வகுப்பில். அதற்கு முன்னால் ஞாபகத்தைத் தவிர என்னிடம் எதுவும் இருந்ததில்லை, அது தப்பியதும் இல்லை. இப்போது எதை எழுதினாலும் அதுதான் ஞாபகமாகிவிடுகிறது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் துணி விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

5

புனலைப் பிடித்திருந்தவள் ரோஸ்மேரி. அவளிடம் கேட்டேன்.

"எடுத்தீங்கண்ணே. நான் பாத்தேம்லா."

"என்ன கலரு?"

"ஊதா."

"வெள்ளம்மா. இந்த வாரம் பூரா வெள்ளத் துணிதான ஓடுது."

"பின்ன இது என்னதாம்?" பேசின் பக்கத்தில் கிடந்த ஊதாத் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுல நீதான பேசினத் தொடச்ச."

துணியை முகர்ந்து பார்த்தாள். "ஆமா, தொடச்சேன். அப்ப நான் பாத்தது எது?"

இப்போது குழம்பியவர்கள் இரண்டு பேர்.

எங்கள் ஹால் மெக்கானிக் லிங்கசாமிக்குப் போன் போட்டேன். உள்ளூர்க்காரர். கோபமாக இருந்தாலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க வீரணன், வண்டி எஞ்சினுக்கு யாராச்சும் துணி வைப்பாங்களா?"

"கை வச்சிருச்சுங்க."

"கையக் கூப்பிட்டுக் கேளுங்க அப்ப." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "பிரிச்சுப் பாக்கலாமுங்க. ஆனாப் பிரிச்சா உள்ள இருக்கற கேஸ்கட் அட்டை கிழிஞ்சு ஆயில் ஒழுகுமுங்க. அந்த வண்டிக்கு இங்க எங்கயுங்க கேஸ்கட்?"

"பிரிக்காம ஓட்டுனா?"

"துணி இல்லாட்டி ஓடுமுங்க. இருந்தா ஆயில் போற வழிய அடச்சுக்கும். கொஞ்ச தூரத்துல எஞ்சின் இறுகிப் புடிச்சுக்கும்."

(இந்தக் கதையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். இவராலும் எதையும் தீர்க்க முடியவில்லை. கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் கோபித்துக்கொள்வார்.)

6

முடிவுகள்.

ஒன்று: வாசலில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் போட்ட என் வேஸ்ட் துணி மூட்டையைக் கொட்டித் தேடுகிறோம். ஆயிலில் நனைந்த வெள்ளைத் துணி கிடைக்கிறது. எல்லோரும் டீ குடிக்கிறோம். (கொட்டித் தேடிவிட்டேன். ஆயிலில் நனைந்த வெள்ளைத் துணி ஏகப்பட்டது கிடைத்தது. நான் ஆயில்காரன். என் வீட்டில் வேறு என்ன துணி இருக்கும்?)

இன்னொன்று: தோப்பின் நடுவில் வண்டி புகைந்து நிற்கிறது. முதலாளி வருகிறார். ரோஸ்மேரி பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள். ஆரோக்கியராஜ் மறுபடியும் சாயத்தொட்டியில்— எனக்கு எழுத வரவில்லை.

மூன்றாவது முடிவில் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். இதை ஆரோக்கியராஜிடமே கேட்டேன், சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தவனிடம்.

"சொன்னா, துணி உள்ள கெடந்தாலும் வேல போச்சு, கெடக்காட்டியும் போச்சு. எஞ்சினுக்குள்ள துணியப் போட்டானாம்னு வேற ஒரு காவக்காரனப் பாத்துருவாரு," என்றான். "இருக்கா, இல்லியா? ஒண்ணு சொல்லுண்ணே."

"தெரியலப்பா."

"ஆயில்காரனுக்கே தெரியலன்னா நான் வண்டிகிட்டயா போயிக் கேக்க?"

7

டெம்போ வந்துவிட்டது. இந்தத் தாளை மடியில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பாய், பாத்திரம், மாதா படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வண்டியைப் பலகை வைத்து டெம்போவில் ஏற்ற ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆரோக்கியராஜ் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறான், ஏறாமல்.

ரோஸ்மேரி அவனிடமிருந்து சாவியை வாங்கினாள். நேரே வண்டிக்குப் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க போயிருதோம்."

"எனக்கு நெசமாவே தெரியல தாயி."

"தெரியாதுன்னுதான் தெரியுமே. நான் அதக் கேக்கல. நாளைக்கு வண்டி நின்னுச்சுன்னா இவுக உங்கள ஏசுவாக. ஏசட்டும். ஆனா இன்னைக்கு ஒருத்தராவது எடுத்தேன்னு சொன்னாத்தான் இவுக வண்டில ஏறுவாக. நான் சொல்லிப் பாத்துட்டேன். என் பேச்சு எடுபடல."

ஆரோக்கியராஜ் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றான். அவன் காது இங்கேதான் இருந்தது.

'எடுத்தேன்' என்று இன்று எத்தனையோ தடவை எழுதினேன், அடித்தேன். தாளில் எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை. இங்கே ஒருத்தி நிற்கிறாள், இமைக்காமல்.

இதற்கு மேல் நான் எழுதினால், நான் எழுதியதுதான் நடந்தது என்று நானே நம்பிவிடுவேன். அதனால் பேனாவை மூடுகிறேன். மீதியை வாசிக்கிற நீங்கள்தான் எழுத வேண்டும். நான் சொன்னது 'எடுத்தேன்' என்றால் எடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை என்று எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். எழுதி முடித்ததும் அதை அவள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் சாவி திரும்பும்.