ஓரகத்தியின் கூந்தல்

என் கொழுந்தன் எர்போல், தொக்ஜான் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து மாமியாருக்கு வேறு பேச்சே இல்லை. பெண்ணின் முடி இடுப்பைத் தாண்டுகிறதாம், மெல்லிசாம், விரலை விட்டால் நழுவுகிறதாம். சந்தையில் இறைச்சிக்காரனிடம்கூட அதைச் சொல்லிவிட்டு வந்தார். கரகந்தா நகரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள் நான். முடியைப் பற்றி என்னிடமே பாடம் நடத்தினார்.

நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் வந்த மாதத்தில் மாமனார் இறந்துபோனார். விருந்து இல்லை, பாட்டு இல்லை, முக்காடு நீக்கும் சடங்கும் இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாளே துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன். அது யார் குற்றமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

எர்போலின் கல்யாணம் ஜனவரியில். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி உறைகுளிர், உள்ளே நிலக்கரி அடுப்பு காற்றிலிருந்த கடைசிச் சொட்டு ஈரத்தையும் குடித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் மெல்லிய முடியை எப்படிக் கையாள வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முழுக்க உலர விடக்கூடாது. மரச்சீப்புதான் எடுக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியிலிருந்து மேலே தடவ வேண்டும். நைலான் முக்காட்டுக்கும் முடிக்கும் நடுவே ஒரு பட்டுத்துணி வைக்க வேண்டும். வாடிக்கைக்காரிகளுக்குத் தினமும் சொல்வதுதான்.

அன்று தொக்ஜானுக்கு இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. சூடான காற்றை முடி மொடமொடக்கும் வரை அடித்தேன். பிளாஸ்டிக் பிரஷை எடுத்து நூறு தடவை வாரினேன். எண்ணெய்ப் புட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒருமுறை கை அதுவரை போய்த் திரும்பிவிட்டது.

"அக்கா, நீங்க இருக்கறதால எனக்குப் பயமே இல்ல," என்றாள் தொக்ஜான் கண்ணாடியில் என்னைப் பார்த்து. எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. நான் வந்தபோது என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லையே.

மூத்த ஓரகத்தி என்ற முறையில் முகம் மறைய முக்காடு போட்டு, அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதும் நான்தான். பாடகன் தோம்ப்ரா என்ற இரண்டு தந்தி வாத்தியத்தை மீட்டி ஒவ்வொரு உறவினர் பெயராகச் சொல்லிப் பாடினான். ஒவ்வொரு பெயருக்கும் அவள் குனிந்து வணங்கினாள். குனியும்போதெல்லாம் நைலான் அவள் முடியை உரசியது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது. கடைசியில் பாடகன் தோம்ப்ராவின் கழுத்தால் முக்காட்டைத் தூக்கினான்.

முடி முழுக்க முக்காட்டோடு மேலே போயிற்று. பாதி துணியில் ஒட்டிக்கொண்டது, பாதி, உரசலில் ஏறிய மின்சாரத்தில் நாலா பக்கமும் விறைத்து நின்றது. கூடம் கொல்லென்று சிரித்தது. "எர்போல், இனி உன் வீட்டுக்குக் கரன்ட் கம்பியே வேண்டாம்டா," என்றார் ஒரு சித்தப்பா. தொக்ஜானின் கண் நிறைந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தபடி மரம்போல் நின்றேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், இனித்தது.

அடுத்து, புது மருமகள் அடுப்பறைக்குப் போய் அடுப்பில் வெண்ணெய் விட வேண்டும். விட்டாள், தீ எழும்பியது. மாமியார் மிச்ச வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி, தீயில் கையைக் காட்டி, வழக்கப்படி அவள் முகத்தைத் தடவினார். அதோடு நிறுத்தவில்லை. அதே கையால் தலையையும் நிதானமாக, நுனி வரை வருடினார். முடி அடங்கியது. "என் ஒட்டகக்குட்டி," என்று எங்கள் ஊர் வழக்கில் மெல்லக் கொஞ்சினார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

எல்லாரும் கூடத்துக்குத் திரும்பியபிறகு மாமியார் துண்டு கேட்டார். கொடுத்தேன். கையைத் துடைத்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பன்னெண்டு வருஷமா என் தலைய நீதான் வாரி விடுற. ஒரு முடி பறந்ததில்ல. இந்த ஊர்ல என் மூத்தவ கை மாதிரி யாருக்கும் வராதுன்னு போற எடமெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். இன்னிக்கு மட்டும் ஏன் பறந்துச்சு, ஷோல்பன்?"

போகிற இடமெல்லாம் சொன்னாராம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"குளிர், அத்தை," என்றேன்.

கையை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு துண்டை என் தோளில் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனார். அவர் குரல் கேட்டது: "இந்தக் குளிருக்கு யாரு வாரினாலும் இப்படித்தான். பாவம், மூத்தவ என்ன செய்வா."

வெட்கத்தில் எனக்கு முகம் கொதித்தது. அப்போதும், உண்மையைச் சொல்வதென்றால், அந்த வெண்ணெய்க் கை ஒரு தடவைகூட என் தலையில் படவில்லையே என்றுதான் இருந்தது.