தேய்ந்துபோன வயிற்றுவலி

அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வயிற்றுவலி என்ற சொல்லைப் படுத்தாத பாடில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழும்பச் சோம்பலாக இருந்தால் வயிற்றுவலி. ஹட்டனில் புதுப்படம் வந்தால் வயிற்றுவலி. மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டு மலையேற மனமில்லையா, அதற்கும் அதேதான். மருந்து கொடுக்கும் தம்பு ஐயா யாழ்ப்பாணத்து மனிதர். வந்த புதிதில் ஒவ்வொருவருக்காகவும் பதறித்தான் போனார். எட்டு வருஷத்தில் காது மரத்துவிட்டது. யார் வந்து வயிற்றுவலி என்றாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓமத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்து வேலைக்கு விரட்டுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்பேர்ப்பட்ட தோட்டத்தில் சோலைமலைக்கு நிஜமாகவே வயிற்றுவலி வந்து தொலைத்தது, பாவம்!

முதல் நாள் சாயங்காலம் அவன் பெண்சாதி அம்மாக்கண்ணு போய்ச் சொன்னாள், ஓமத்தண்ணீர் கிடைத்தது. விடிந்தபோது அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மறுபடியும் ஓடினாள். நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தம்பு ஐயா துண்டுச்சீட்டு எழுதித் தரவேண்டும். துண்டு இல்லாமல் தோட்டத்து லொறி அசையாது.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு வயித்துவலிங்க..."

"போன கிழமையும் அவனுக்கு வயித்துவலிதானே? பின்னேரம் லிந்துலைக் கடைத்தெருவில நிண்டு சிரிச்சவனை நானே கண்டனான். போ, போய் வேலையைப் பார்."

உண்மைதான். போன வாரம் அந்தப் பொய்யை வந்து சொன்னவளே அவள்தான். லிந்துலைத் திருவிழா பார்க்கும் ஆசை இருவருக்கும். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுது புரண்டால் நம்புவாரா? இந்த மேசைக்கு முன்னால் அழுதவர்கள் கொஞ்சமா? பயங்கர வலி, உயிர் போகிற வலி, எல்லாமே அவர் கேட்டுச் சலித்தவை. ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்து பார்த்தாளே, பார்த்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று துணிந்தாள்.

"ஐயா, மொதல்ல தொப்புளச் சுத்திப் பிசைஞ்சுச்சுங்க. ரெண்டு தடவ வாந்தி. கோழி கூவுறப்ப அப்படியே எறங்கி, வலது பக்கம் அடிவயித்துல வந்து குத்திக்கிட்டு நிக்குது. விட்டு விட்டு வரலைங்க, நெலையா நிக்குது. அமுக்குனாக்கூடப் பல்லக் கடிச்சுத் தாங்குறாரு. கைய எடுத்தேன், சுரீர்னு துள்ளிட்டாரு. இருமப் பயப்படுறாரு. மேலு கணகணன்னு கொதிக்குது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. தம்பு ஐயா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கையை எடுத்தாப் பிறகே துள்ளினவன்?"

"ஆமாங்க. எடுத்தப்பதான்."

பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் அவர்தான் அவர்களுடைய லயத்து வீட்டுக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் லொறி கிளம்பியது. அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதும், சோலைமலை முனகிக்கொண்டே, "வயித்து..." என்று தொடங்கினான்.

"ஏங்க, நீங்க கம்முன்னு கெடங்க! நான் சொல்றேன்" என்றாள் அம்மாக்கண்ணு. காலையில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் அவள் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

மத்தியானம் தம்பு ஐயா அறுவைச் சிகிச்சை அறைப் பக்கமிருந்து வந்தார்.

"குடல்வால் வெடிக்கிற நிலையில இருந்ததாம். பின்னேரம் வரைக்கும் விட்டிருந்தால் ஆள் தப்பியிராதாம். இனிப் பயமில்லை, பிள்ளை."

அவ்வளவு நேரம் விறைப்பாக நின்றவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பிள்ளை, உனக்கு என்ன செய்யுது?"

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். அவனுடைய வலிக்கு அத்தனை சொல் வந்ததே, இதற்கு ஒன்றும் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயமா இருந்துச்சுங்க" என்றாள். "நேத்துச் சாயங்காலத்துல இருந்தே பயமா இருந்துச்சுங்க."

தம்பு ஐயா வெள்ளைக் காற்சட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நேற்றே நான் கேட்டிருக்கவேணும், பிள்ளை" என்றார்.