ஒட்டிக்கொண்ட பக்கம்

கதைக்காரிக்கு இது இருநூறாவது பள்ளிக்கூடமோ, இருநூற்றுப் பத்தாவதோ. படக்கதைப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கி, அதையே தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக வாசித்துக் காட்டுகிறவள். எங்கே குரலைத் தாழ்த்தினால் பின்வரிசை கழுத்தை நீட்டும், எங்கே கண்ணை உருட்டினால் முன்வரிசை சிரிக்கும், எல்லாம் அத்துப்படி. அந்தத் தெனாவெட்டும் கொஞ்சம் உண்டு.

நூலக அறையில் நாற்பது பிள்ளைகள் பாயில் சம்மணம் போட்டிருந்தார்கள். ஒரு மாதமாக வகுப்பில் இதே புத்தகம்தானாம். ஒரு வரி பாக்கியில்லாமல் மனப்பாடம். மழையில், வளைக்குள் தனியாகக் காத்திருக்கும் எலிக்குட்டியின் கதை. முடியப்போகிற நேரத்தில் கதவு மூன்று தடவை தட்டப்படும். அங்கே அவள் நிறுத்திவிட்டுக் காதில் கை வைப்பாள். பிள்ளைகள் கூரை பிய்ந்துவிடும்படி "அப்பா வந்தாச்சு!" என்று கத்துவார்கள். பிறகுதான் பக்கம் திரும்பும். உண்மையைச் சொன்னால், அந்தக் கத்தலுக்காகத்தான் அவள் பஸ் ஏறுவதே.

பாதிக் கதையில் வகுப்பு டீச்சர் குனிந்தபடி வந்து, மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போனார். பக்கம் திருப்புகிற சாக்கில் கதைக்காரி படித்தாள்.

'மூன்றாம் வரிசை, நீல ரிப்பன். அப்பா இறந்து பன்னிரண்டு நாள். இன்றுதான் வந்திருக்கிறாள். முன்பே சொல்ல மறந்துவிட்டேன்.'

மறக்கிற சங்கதியா இது!

இன்னும் நான்கு பக்கம். வாய் பாட்டுக்கு வாசித்தது, கண் நீல ரிப்பனை விட்டு நகரவில்லை. அந்தப் பெண் மடியில் சொந்தமாகவே ஒரு பிரதி வைத்திருந்தாள்; முதுகில் டேப் ஒட்டிய, நைந்துபோன பிரதி. கதையை இங்கேயே நிறுத்தினால் எல்லோரும் ஏன் என்பார்கள். மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவார்கள். நாற்பது பேர் ஒன்றாகக் கத்தும்போது அந்தக் குழந்தை என்ன செய்யும்? மூன்று பக்கம். இரண்டு.

கடைசியில், இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றும் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். கதவு தட்டும் தாளையும் அப்பா எலி நிற்கும் தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தாளாகத் திருப்பினாள்.

"மழை விட்டது. வெயில் அடித்தது."

"கதை அத்தை! நடுவுல விட்டுட்டீங்க!" முன்வரிசை ஓட்டைப்பல்லன் துள்ளினான்.

"புதுப் புத்தகம்டா கண்ணு. பக்கம் ஒட்டிக்கிச்சு."

"அப்ப அப்பா..." என்று ஆரம்பித்தவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். அறையே அடங்கிவிட்டது. கதைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது: சீட்டு தேவைப்பட்டது அவள் ஒருத்திக்குத்தான்.

நீல ரிப்பன் எழுந்து, முட்டிகளைத் தாண்டி, மேசைக்கே வந்துவிட்டாள். தாளை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"ஒட்டலையே."



"நீங்க கதவத் தட்டவே இல்ல," என்றாள் அந்தப் பெண். கோபமாகத்தான் சொன்னாள். "எங்கப்பா படிச்சுக் காட்டும்போது கட்டில்ல மூணு தரம் தட்டுவாரு. அப்புறம்தான் திருப்பணும்."

"தப்புதான்மா." கதைக்காரி புத்தகத்தை மேசையில் அவள் முன்னால் வைத்தாள். "நீ தட்டுறியா?"

அந்தப் பெண் தாள்களைப் பின்னால் புரட்டி, சரியான பக்கத்தில் வைத்தாள். விரலை மடக்கி மேசையில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

யாரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

நீல ரிப்பன் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ஏன் சும்மா இருக்கீங்க? சொல்லுங்க. எலிக்குட்டி எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கு?"

ஓட்டைப்பல்லன்தான் முதலில் முனகினான். பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். பிறகு மொத்த அறையும் கத்தியது. "அப்பா வந்தாச்சு!"

அவள் மட்டும் கத்தவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். வாசலில், இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா எலியின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நனையாம வந்துட்டாரு," என்றாள்.